வீடு எந்தப் பக்கம்

திரையில் விமானம் மேலே எழும்பி, மூக்குக்கு முன்னால் கல்யாண மண்டபத்தின் கூரை தெரிந்ததும் படம் நின்றுவிட்டது.

அவன் சுட்டியைத் தட்டினான். மேஜையைத் தட்டினான்.

படம் மறுபடி அசைந்தபோது கீழே ஏரி வந்திருந்தது.

மண்டபத்துக்கும் ஏரிக்கும் நடுவில்தான் அவர்கள் வீடு.

"பாத்தியா?" என்றாள் அக்கா.

"தாண்டிக் குதிச்சிருச்சுக்கா."

நாளை மதியம் அவள் திருச்சியிலிருந்து ஷார்ஜா போகிறாள். இரண்டு வருட ஒப்பந்தம். கைப்பேசியில் இருக்கை தேர்ந்தெடுக்கும் பக்கம் திறந்திருந்தது. ஏறும்போது வீடு தெரிகிற பக்கம் உட்கார வேண்டும். கேட்டது அவ்வளவுதான். இடதா, வலதா.

மொட்டை மாடியில் நின்று பார்த்தால் எல்லா விமானமும் நேர் தலைக்கு மேல் போவதுபோலத்தான் இருக்கிறது. தெருவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் சொன்னார்கள். விமானமே ஏறாதவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

அதனால்தான் நிஜ ஊரின் வானப் படத்துக்கு மேல் விமானம் ஓட்டும் இந்த விளையாட்டு.

அவன் இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் ஓட்டி விழுந்த விமானங்களுக்கு இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை.

திரையின் மூலையில் ஓர் எண். ஒரு நொடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்ற கணக்கு. ஐம்பது இருந்தால் பறப்பது மாதிரி இருக்கும். பதினொன்று இருந்தது. ஆல்பம் புரட்டுகிற மாதிரி இருந்தது.

பாரம் குறைய, விளையாட்டின் அமைப்புப் பட்டியலில் மேகங்களை எடுத்தான். திருச்சி வானத்தில் அது பெரிய இழப்பில்லை.

நிழல்களை எடுத்தான்.

மரங்களை எடுத்தான். சாலை அகலப்படுத்துகிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாக எடுத்ததில்லை.

புதுக்கோட்டை சாலையில் வண்டிகளை எடுத்தான். நெரிசல் ஒரே சொடுக்கில் தீர்ந்தது.

தரையில் நிற்கும் மனிதர்கள் என்று ஒரு வரி இருந்தது.

"டேய், ஆளுங்களையுமா?"

"சும்மாதான்கா நிக்கிறாங்க."

எண் ஏறியது. போதவில்லை. கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து உள்ளே காற்று போகிற மாதிரி வைத்தான்.

"மனுஷங்க வேர்த்து ஊத்துறோம். பெட்டிக்கு ஃபேனா?" சமையலறையிலிருந்து அம்மா. அவள் ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்றாவது பாலிதீன் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாகக் கட்டடங்களின் நுணுக்கத்தைக் குறைத்தான். ஊரே சோப்புக் கட்டிகளை அடுக்கியதுபோல் ஆனது.

ஐம்பத்திரண்டு.

ஓடுபாதை எண்ணெய் தடவினாற்போல் வழுக்கியது. ஏறினார்கள்.

மண்டபம். பால் பூத் திருப்பம். வீடு. ஏரி.

"இடது!" அவன் நாற்காலியில் துள்ளினான். "இடதுதான்கா. போடு."

அவள் போடவில்லை.

"அவ்வளவுதானா?"

"ஏறும்போது அவ்வளவுதான். வேகமா போகும்ல."

"ம்."

அவள் கட்டைவிரல் கைப்பேசிக்கு மேலேயே நின்றது.

அவன் மறுபடி ஓடுபாதைக்கு வந்தான். மறுபடி ஏறினான். இந்த முறை பார்வையை இடது ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டான். மண்டபம் நெருங்கும்போது, எடுத்த எல்லாவற்றையும் திருப்பிப் போட்டான். மேகம், நிழல், மரம், வண்டி, ஆட்கள். கட்டடங்களின் நுணுக்கத்தை உச்சத்துக்குத் தள்ளினான். இந்தப் பெட்டியில் அந்த வரியைத் தொடவே கூடாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

காலை நீட்டி ஃபேன் சுவிட்சை அணைத்தான்.

முப்பது. ஒன்பது. இரண்டு.

ஜன்னலுக்கு நடுவில் வீடு வந்து நின்றது.

நிறுத்தி வைப்பதற்கென்றே தனியாக ஒரு விசை இருக்கிறது. அதை அழுத்தினால் அவன் நிறுத்தியதாக ஆகிவிடும்.

"தொங்கிருச்சா?"

"தொங்கிருச்சுக்கா. பழைய பெட்டி."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். பின்பக்கச் சந்து தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மொட்டை மாடியில் வெள்ளையாக ஒரு சதுரம் தெரிந்தது. வானத்திலிருந்து யாரோ ஊரைப் படம் எடுத்த அன்று, அம்மா எதையோ காயப்போட்டிருக்கிறாள்.

"வடகம்," என்றாள்.

"அப்பா வேட்டி."

"வேட்டி கொடியிலதாண்டா தொங்கும், லூசு."

"காத்துக்கு விழுந்திருக்கும்."

"நாலு மூலையும் நேராவா விழும்? அம்மா, இங்க வாயேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். வீட்டைப் பார்த்து வியக்கவில்லை. அது எப்படி அங்கே வந்தது என்று கேட்கவில்லை. வீட்டின் மேல் பாதி விழுந்திருந்த மேகத்தின் நிழலைத்தான் பார்த்தாள்.

"வடகம்தான். மூட்டமா இருக்கே. போயி எடுத்துட்டு வாடி, நனைஞ்சிரப் போகுது."

விளையாட்டாகச் சொன்னாளா, பழக்கத்தில் சொன்னாளா, தெரியவில்லை. சொல்லிவிட்டு ஊறுகாயிடம் போய்விட்டாள்.

அக்கா சிரிக்கவில்லை. எழுந்து மாடிப்படி ஏறினாள்.

அவள் விட்டுப்போன கைப்பேசியை அவன் எடுத்தான். இடது பக்கத்தில் ஒரே ஒரு ஜன்னல்தான் மிச்சம் இருந்தது. அதைத் தொட்டான்.

உறுதி செய்யவா என்றது.

மேலே காலடிச் சத்தம் மாடியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனது. அங்கே நின்றது.

அவன் அழுத்தாமலேயே கட்டைவிரலை எடுத்துக்கொண்டான்.