கண்ணாடியில் தெரிந்த வண்டி

பாலைவன வரைபடத்தின்மேல் ஐந்து பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக வைத்தார் குழுத்தலைவர் பெர்னாண்டோ. ஒவ்வொன்றும் ஒரு ஜீப். "ஒரே சட்டம்தான். பின்னால வர்ற வண்டி கண்ணாடியில தெரியலைன்னா, முன்னால போறவன் நிக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நவ்ஷாத் மட்டும் ஐந்தாவது கொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவன் வண்டி. போன வருடம் அவன் பின்னால் வந்தது சேவியரின் ஜீப். சேவியரின் உடலை மூன்றாம் நாள்தான் மணலிலிருந்து எடுத்தார்கள். வண்டி கடைசிவரை கண்ணாடியில் தெரிந்ததாகத்தான் நவ்ஷாத் எல்லோரிடமும் சொல்லியிருந்தான்.

"கடைசி வண்டி யாரு?" ஆறாவது கொட்டை இன்னும் பெர்னாண்டோவின் கையில் இருந்தது.

சேவியரின் மனைவி ரெஜினா எழுந்து வந்து அதை வாங்கி, நவ்ஷாத்தின் கொட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

"நான் வர்றேன். அண்ணன்தான் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே போவாரே."