குப்பைமேனிப் பொடி

"ஏட்டி, குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் கொழைச்சுப் பூசுதியா இல்லியா? ஆறு மாசமா இந்தப் பரு போகலையே!"

தினமும் போனில் கத்திப் பார்த்த முப்பிடாதி, இடித்த பொடியை டப்பாவில் அடைத்துக்கொண்டு ஒரகடத்தில் மகள் தங்கியிருக்கும் விடுதிக்கே வந்துவிட்டாள். மகள் மாரிசெல்விக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். ஏசி ரூமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவளுக்கு எங்கிருந்து இவ்வளவு பரு?

மகள் இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. அறைத்தோழி கவியாதான் கதவைத் திறந்தாள். அவள் கன்னத்திலும் கழுத்திலும் அதே சிவப்புப் புள்ளிகள்.

"உனக்கும் பருவா தாயி?"

கவியா டப்பாவைத்தான் பார்த்தாள். "பொடி கொண்டாந்துட்டீங்களா! போன தடவ நீங்க அனுப்புனது தீந்து நாலு நாளாச்சும்மா. செல்வி எங்க லைன்ல எல்லாருக்கும் குடுப்பா. இதப் பூசுனாத்தான் எரிச்சல் அடங்குது."

"பரு எரியுமா?"

"பரு இல்லம்மா. வெல்டிங் பொறி தெறிச்ச சூடு."

வாசலில் கம்பெனி பஸ் நின்றது. இறங்கிய மாரிசெல்வி, அம்மாவைக் கண்டதும் துப்பட்டாவைக் கன்னத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பரு இப்ப நல்லாக் கொறஞ்சிருக்கும்மா."

"ஆமாட்டி, கொறஞ்சுதான் இருக்கு" என்றாள் முப்பிடாதி, மகள் முகத்தைப் பார்க்காமலே.