மிலென்கா வைத்த மழை

ஐந்து வயது மிலென்காவுக்கு வெயிலுக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அதுவும் பாலைவன ஓரத்து எங்கள் இக்கிக்கே ஊரில்! இங்கே மழை பெய்தால் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள்.

வகுப்பில் வானிலைப் பலகை உண்டு. வாரம் ஒரு பிள்ளை காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு அதில் அட்டை வைக்க வேண்டும். இந்த வாரம் மிலென்கா.

திங்கட்கிழமை மண்டை பிளக்கும் வெயில். மழை அட்டையை வைத்தாள்.

"மழையாம்! குடை கொண்டாங்கடா!" என்று வகுப்பே சிரித்தது. ஆசிரியை ஒரியானா அட்டையை மாற்றினாள். பிள்ளை உம்மென்று உட்கார்ந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமையும் மழை அட்டைதான். அன்று பார்த்து மேற்பார்வையாளர் எல்விரா வந்திருந்தார்.

"என்னம்மா பாடம் நடத்துற நீ?"

"வயசுக்கு ஏத்த மாதிரிதான் எல்விராம்மா. கண்ணால பாக்குறத மட்டும்தான் சொல்லணும்னு வச்சிருக்கேன்."

"அப்ப கோளாறு பிள்ளைகிட்டதான். சிறப்புப் பள்ளிக்கு மாத்திடலாம். வெள்ளிக்கிழமை வரேன், படிவத்துல கையெழுத்துப் போட்டு வை."

ஒரியானா யோசித்துப் பார்த்தாள். ஒருவேளை காலை மூடுபனியை மழை என்று நினைக்கிறாளோ?

புதன்கிழமை பூவாளியில் தண்ணீர் பிடித்து மிலென்காவின் தலையில் தெளித்தாள்.

"இது என்ன கண்ணு?"

"மழை மாதிரி, அத்தை." மழலைப் பள்ளியில் ஆசிரியை எல்லாருமே அத்தைதான்.

"வெளியே?"

"வெயில்."

"அப்ப எந்த அட்டை வைக்கணும்?"

மிலென்கா ஓடிப்போய் மழையை வைத்தாள்.

தெரிந்துகொண்டே செய்கிறாளே! கொழுப்பா, பிடிவாதமா? கேட்டால் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டாள்.

வியாழக்கிழமையும் அதே மழை. ஒரியானாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னைக்கு நீ விளையாட வெளியே போகக் கூடாது. வகுப்புலயே இரு!"

அழுவாள் என்று பார்த்தால், "நெஜமாவா அத்தை?" என்று துள்ளிக் குதித்தாள். மற்றவர்கள் ஓடியதும் நேரே மூலை மேசைக்குப் போய், அங்கே இருந்த அபிகாயிலின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அபிகாயிலுக்கு வெயில் ஆகாது. பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். அவளுக்கென்று நல்ல நாற்காலி, வண்ணப் பென்சில், பொம்மை எல்லாம் ஒரியானாதான் வாங்கி வைத்திருந்தாள். அதில் ஒரியானாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"மிலென்கா, உனக்கு வெளியே விளையாடப் பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்குமே!"

"அப்புறம் ஏன்டி கண்ணு?"

"அட்டைக்குப் பின்னால எழுதியிருந்தத நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க? வெயில்னா எல்லாரும் வெளியே போய் விளையாடணும். மழைன்னா எல்லாரும் உள்ளயே விளையாடணும்."

"ஆமா."

"நம்ம ஊர்ல தினமும் வெயில்தான அத்தை? அபிகாயில் தினமும் தனியாவே இருக்கா."

ஒரியானா பலகையிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தலைநகரிலிருந்து வந்த அந்த அட்டைகளை வருடம் முழுக்கப் படித்தவள் அவள். அவற்றின் பின்பக்கம் இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் புரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை எல்விரா வந்தபோது இடைவேளை. வெளியே வெயில் கொளுத்தியது. முற்றத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. உள்ளே மூலை மேசையைச் சுற்றி இருபது பிள்ளைகளும் உட்கார்ந்து ஒரே கூச்சல்; நடுவில் அபிகாயில். படிவம் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

எல்விரா பலகையைப் பார்த்தார்.

"மறுபடியும் மழையா! அந்தப் பொண்ணு வேலைதானே?"

"இல்ல எல்விராம்மா. இன்னைக்கு நான் வச்சேன்."