நடுவில் ஒன்றுமே இல்லாத பாட்டு

பந்தலுக்கு இன்னும் துணி சுற்றி முடியவில்லை. துர்கையின் முகத்தைச் செய்தித்தாள் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதற்குள் மைக் செட் வாடகைக்கு விடும் மோண்டுதாவின் ஸ்பீக்கர் பெட்டிகள் கிடர்பூரிலிருந்து டெம்போவில் வந்து இறங்கிவிட்டன.

ஒவ்வொன்றும் பீரோ உயரம்.

காளிகாட்டின் அந்தச் சந்தில், பூஜைக் கமிட்டியில் இருந்த ஒரே தமிழர் ராஜாராமன். பேங்க் ஆபீசர். எதற்கும் கோபப்படமாட்டார் என்பதால் வருஷா வருஷம் மைக் செட் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிடுவார்கள். சந்தில் அத்தனை பேருக்கும் புகார் இருப்பது மைக் செட்டைப் பற்றித்தான்.

இத்தனை வருஷத்தில் அவர் அந்தப் பதவியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது இந்த ஒரு முறைதான். பெட்டிகளைச் சோதிக்கும்போது மகள் கொண்டுவரும் பாட்டைப் போடச் சொல்லி மோண்டுதாவிடம் கேட்டிருந்தார்.

மகள் தாரா ஜாதவ்பூரில் படிக்கிறாள். படிப்பைவிட மும்முரமாக டப்ஸ்டெப் கேட்கிறாள். லண்டனில் பையன்கள் தங்கள் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு செய்கிற இசை அது. பாடுகிறவர் பெரும்பாலும் கிடையாது. வாரா வாரம் புதிதாக வெளியானதையெல்லாம் இணையத்திலிருந்து இறக்கி, கம்ப்யூட்டரில் கேட்டு, தன் வலைப்பூவில் விமர்சனம் எழுதுவாள். நாலு பேர் படிப்பார்கள். நாலு பேரும் வெளிநாடு.

மற்ற விமர்சகர்கள் அடியில் ஓடும் கனத்த சத்தத்தைப் பற்றியே பேஸ், பேஸ் என்று எழுதித் தள்ளினார்கள். நெஞ்சை அடைக்கிறதாம், வயிற்றைப் பிசைகிறதாம். பையன்கள் விடும் ரீல் என்று தாரா அதைத் தள்ளிவிடுவாள்.

அவளுக்குப் பிடித்தது அந்தப் பாட்டுகளில் இருந்த மௌனம். தட் என்று ஒரு தட்டல். அப்புறம் ஒன்றுமே இல்லை. வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டல்.

போன மாதம் வந்த ஒரு பாட்டில் நடுவில் எல்லாமே நின்றுபோகும். தூரத்தில் ஒரு சின்ன மணி மட்டும் கேட்கும். இவ்வளவு துணிச்சலான மௌனத்தை நான் கேட்டதே இல்லை என்று மாய்ந்து மாய்ந்து எழுதினாள். பாட்டைச் செய்தவனே வந்து, இதை இப்படிக் கேட்டவள் நீ ஒருத்திதான் என்று கீழே ஒரு வரி எழுதிவிட்டுப் போனான்.

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சந்துப் பையன்கள் அவள் கேட்கும் பாட்டுக்கு ரிப்பேர் மிக்ஸி என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த மௌனத்தைக் கேட்டால் அவர்களும் வாயடைத்துப் போவார்கள் என்று தாரா நம்பினாள். போகாவிட்டால், பூஜை முடிகிறவரை அப்பா சந்தில் தலைகாட்ட முடியாது. அந்தப் பயமும் இருந்தது.

அந்தப் பாட்டைத் தாரா பதிந்து கொண்டுவந்திருந்த சிடியை மோண்டுதா உள்ளே தள்ளினார்.

தட்.

பையன்கள் கேரம் போர்டை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். சந்தே மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு அம்மாள் மண் குவளையில் டீயோடு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ராஜாராமன் மகள் பக்கம் குனிந்தார்.

"இதுல பாட்டு எப்போம்மா வரும்?"

"நடுவுல ஒண்ணுமே கேக்காதுப்பா. அதைக் கேளு."

அவர் கச்சேரியில் உட்காருவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த இடம் நெருங்கியது. தாரா உதட்டில் விரல் வைத்துப் பையன்களைப் பார்த்தாள். ஏனோ அவர்களும் அடங்கினார்கள். மணி கேட்டது.

மாஷிமாவின் குவளையில் டீ நடுங்கியது.

பூட்டியிருந்த புடவைக் கடையின் ஷட்டர் கடகடத்தது. துர்கையின் முகத்தில் செய்தித்தாள் படபடத்தது. மாடிகளில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழும்பின.

பெட்டி கெட்டுவிட்டது என்றுதான் தாரா முதலில் நினைத்தாள். பதறிப்போய் மோண்டுதாவைப் பார்த்தாள். அவர் வெற்றிலையை மென்றபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் அது அவளிடம் வந்தது. பாதத்தில் ஏறி, முழங்காலில் ஏறி, வயிற்றுக்குள் புகுந்து, விலா எலும்பில் நின்றது. ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறியது, இறங்கியது, திரும்பி வந்தது. அதற்கு ஒரு மெட்டு இருந்தது. உண்மையில் பாட்டே அதுதான்.

வீட்டில் கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த ஸ்பீக்கர்கள் இரண்டும் சோப்புப் பெட்டி அளவு. பஸ்ஸில் மாட்டிக்கொள்ளும் இயர்போனும் அதே ரகம். இவ்வளவு அடியில் ஓடும் சத்தம் அவை எதற்கும் எட்டவே எட்டாது. எட்டாமல் போனதைத்தான் அவள் இத்தனை நாளும் மௌனம் என்று கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

இதை இப்படிக் கேட்டவள் நீ ஒருத்திதான்.

முகம் சூடாகிவிட்டது. பிறகு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது.

பாட்டு முடிந்ததும் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிக்ஸி என்று யாரும் சொல்லவில்லை. மாஷிமா நெஞ்சில் கை வைத்தபடி, மறுபடி போடச் சொன்னார். ராஜாராமன் கண்ணைத் திறந்தார்.

"ஒண்ணுமே கேக்காதுன்னியே?"

தாரா மோண்டுதாவுக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்து, பெட்டியை அணைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அலமாரியில், காலி ஷூ டப்பாக்களில், இரண்டு வருஷத்துப் பாட்டு சிடி சிடியாக இருந்தது. அத்தனையும் அவளுக்கு இன்றுதான் வெளியாகியிருந்தது.