பேட்டரிக்குக் கனம்

"ஏனுங்க்கா, நம்ம கார்ல ஏறிக்குங்க. உள்ள கனம் இருந்தாத்தான் மலை எறங்கறப்ப பேட்டரி நல்லா ஏறும். எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் சக்திவேல் இப்படிச் சொன்னதும், அவர் மனைவி சுஜாதாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆறாத கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மனுஷியை அரிசி மூட்டை மாதிரியா ஏற்றிக்கொள்வது?

மாதம்மாள் பையை எடுத்துவர உள்ளே போனார்.

எல்லாம் இந்த எலெக்ட்ரிக் கார் வந்த வேளை. சக்திவேல் ஏற்காட்டில் ஒரு ஓட்டலுக்குச் சரக்கு வாங்கிப்போடுகிறவர். வாராவாரம் சேலம் போய்வர வேண்டும். புதுக் காரின் விலையைக் கேட்டதும் ஷோரூமில் தந்த காபியைக் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பியவர்கள்தான் இருவரும். கடைசியில் பழைய கார் ஒன்று தவணைக்கு அமைந்தது. பெட்ரோல் செலவு மிச்சமானால் தவணையைச் சமாளித்துவிடலாம். இறக்கத்தில் வேகத்தை அடக்க அடக்க சார்ஜ் திரும்பி ஏறும் என்று தெரிந்ததிலிருந்து சக்திவேலைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அதற்காக இப்படியா? சுஜாதா கணவனை ஓரமாக இழுத்தாள்.

"கனம் வேணும்னா ரெண்டு கல்லத் தூக்கிப் போட்டுக்குங்க. நோவுக்காரங்கள வெச்சா மிச்சம் புடிக்கறது?"

"மெதுவாப் பேசு. பஸ்ல நிக்க முடியாம அவங்க ஆஸ்பத்திரிக்கே போறதில்ல. சும்மா கூப்பிட்டா வருவாங்களா? காசு வேண்டாம்னு சொன்ன ஜீப்புல இருந்து எறங்கி நடந்தவங்க அவங்க."

சுஜாதா குரலைத் தணித்துக் கேட்டாள்: "திரும்பி மலை ஏறறப்ப அதே கனம் சார்ஜைத் தின்னுமேங்க?"

"அது அவங்களுக்குத் தோணல. நீ சொல்லி வெச்சுராத."

இந்த மனுஷனையா கஞ்சன் என்று நினைத்தோம் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாதம்மாள் பையோடு ஒரு பலாப்பழத்தையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "நான் நொம்ப இளைச்சுட்டேன் கண்ணு. என் கனம் பத்தாது. அதான் இதையும் எடுத்தாந்தேன்."

கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அதை மடியிலேயே பிடித்திருந்தார். சுஜாதா சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ், விடாமல் வந்தால் புண் சீக்கிரம் ஆறிவிடும் என்றார். அடுத்த வாரமும் கனம் வேண்டுமா என்று மாதம்மாளே கேட்க, கட்டாயம் வேண்டும் என்றார் சக்திவேல்.

சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்ததும் மாதம்மாள் பையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். பின்சீட்டில் கிடந்த பழத்தைத் தூக்கிக்கொண்டு சுஜாதா அவர் பின்னால் ஓடினாள். "அக்கா, பழத்த மறந்துட்டீங்களே."

மாதம்மாள் திரும்பிச் சிரித்தார்.

"மறக்கல சாமி. எறங்கறதுக்கு என் கனம் சரியாப் போச்சு. ஏறறப்ப கனம் நட்டந்தானே? அதுக்குத்தான் இந்தப் பழம்."