மூவாயிரம் அடி

வாரண்டி கார்டில் பேனாவை வைத்துக்கொண்டு பட்டறைக்காரர் கேட்டார்.

"எத்தனை அடிங்?"

புஷ் வாங்க வருகிற எல்லோரிடமும் கேட்பதுதான். கார்டில் 'ஆழம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது.

வந்தவர் தயங்கினார். கார்டு வேண்டாம் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருந்தார்.

"மூவாயிரமுங்."

பட்டறைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வெல் பம்புக்குள் தண்டு தேயாமல் சுழல வைக்கும் வெண்கல வளையம், புஷ், முப்பது வருடமாகக் கடைகிறார். கோயம்புத்தூரின் வயிற்றில் எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"அத்தனை ஆழத்துல தண்ணி வராதுங். எமதர்மன்தான் மேல வருவான்."

வந்தவர் சிரிக்கவில்லை. அவர் பார்வை மட்டும் ஒரு கணம் கூரைக்குப் போய்த் திரும்பியது.

பேனா நின்றது.

வந்தவர் பெயர் தேவசகாயம். விமானம் ஓட்டப் பழக்கும் பள்ளியில் மெக்கானிக். இருப்பது ஒரே விமானம். நாலு சிலிண்டர். நாலு புஷ்.

"இதைச் செஞ்சுட்டிருந்தவங்க நிறுத்திட்டாங்களாமுங். இன்ஷூரன்ஸ் கட்டி முடியலையாம். உங்க பம்பு புஷ்ஷும் அதே அளவுன்னு கேள்விப்பட்டேன்."

நிறுத்தியவரைப் பட்டறைக்காரருக்குத் தெரியும். தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறார்.

முன்பொரு முறை வெளிநாட்டில் எங்கோ ஒரு சின்ன விமானம் விழுந்தது. அதில் அவருடைய புஷ் இல்லை. ஆனாலும் அவருடைய இன்ஷூரன்ஸ் கட்டணம் மூன்று மடங்கானது. கட்டுவதென்றால் லேத்தை விற்க வேண்டும். லேத்தை விற்றபின் எதற்கு இன்ஷூரன்ஸ்?

நிறுத்திவிட்டார்.

வக்கீல் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து கொடுத்தார். 'விமானத்துக்கு அல்ல.' அன்று முதல் எல்லாப் பெட்டியிலும் குத்துகிறார். ஒரு விவசாயி அதைப் படித்துவிட்டு, "என்ற கிணத்த என்ன பறக்கவா உடப்போறேன்?" என்று கேட்டார். பட்டறையே சிரித்தது. பட்டறைக்காரர்தான் அதிகம் சிரித்தார்.

ஒரே லேத். ஒரே வெண்கலம்.

விமானத்துக்கு என்றால் ஒவ்வொன்றையும் அளப்பார். பம்புக்கு என்றால் ஐம்பதுக்கு ஒன்று.

"தர முடியாதுங்" என்றார்.

"சரிங். பழைய சாமான் கடையில பாத்துக்கறேன்."

"அளந்து தருவானா அவன்?"

"எடை போட்டுத் தருவானுங்."

தேவசகாயம் எழுந்தார். வாசல் வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"புதுசா ஒரு புள்ள சேந்திருக்குதுங். பெடலுக்குக் கால் எட்டல. முதுகுக்குத் தலகாணி வெச்சுத்தான் ஓட்டுது. புதன்கிழமை தனியாப் பறக்கணும்னு நிக்குது."

அளந்து பார்க்கப் பட்டறைக்காரர் மைக்ரோமீட்டரைத் தேடினார். மேசையில் இல்லை. பீரோவுக்குள், துணி சுற்றி, வேலையில்லாதவன் போலப் படுத்திருந்தது.

"உக்காருங்."

பெட்டியில் ஐம்பது புஷ். ஒவ்வொன்றாக எடுத்தார். துடைத்தார். அளந்தார். தள்ளி வைத்தார்.

டீ வந்தது. ஆறியது.

இவ்வளவு மோசமாகவா கடைந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தார். மோசமில்லை. தண்ணீருக்கு இது போதும். தண்ணீர் விழுந்தால் யாரும் சாவதில்லை.

ஐம்பதில் மூன்று தேறின.

தேவசகாயம் மூன்றையும் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

சாமி படங்களுக்குக் கீழே ஒரு புஷ் இருந்தது. விமானத்துக்கென்று கடைசியாகக் கடைந்தது. ஆயுத பூஜை குங்குமம் இன்னும் போகவில்லை. பட்டறைக்காரர் அதை எடுத்து எண்ணெயில் தோய்த்துத் துடைத்தார். துணி சிவந்தது. அளந்தார். அதை அளக்கவே வேண்டியதில்லை.

நான்கையும் பெட்டியில் வைத்தார். மூடியில் ஸ்டாம்பு பளிச்சென்று இருந்தது.

"கார்டு வேண்டாமுங்" என்றார் தேவசகாயம், மூன்றாம் முறையாக. "உங்களுக்குத்தான் வம்பு."

பட்டறைக்காரர் கார்டை இழுத்தார்.

'ஆழம்' என்பதை அடித்தார். மேலே 'உயரம்' என்று எழுதினார். மூவாயிரம் அடி. கீழே கையெழுத்துப் போட்டார்.

கை நடுங்கியதில் கையெழுத்து அவருடையது போலவே இல்லை. வேறு யாரோ போட்டதென்று கோர்ட்டில் சத்தியம் செய்யலாம். வக்கீல் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

அதைக் கிழித்துப் போட்டார்.

இன்னொரு கார்டு எடுத்தார்.