டீச்சரின் கை

தீப்பெட்டி ஆபீஸ் கொட்டகையில் முதலாளி ஏற்பாடு செய்த உள்மன சிகிச்சை வகுப்பு நடக்கிறது. தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் வெயிலில் தீக்குச்சி மருந்துத் தூசி மிதக்கிறது. "உள்ளுக்குள்ள அழுத்துற பேரை வாய்விட்டுச் சொல்லுங்க" என்கிறார் மதுரையிலிருந்து வந்த டீச்சர். சாக்கில் கண்மூடிச் சம்மணமிட்டிருக்கும் லிங்கராஜ், "ஆனந்தி..." என்று விம்முகிறார். செத்துப்போன மகளின் பேர். வீட்டில் அந்தப் பேச்சு வந்தாலே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிற மனுசன். அவர் தோளை டீச்சரின் கை, மருந்துக்கறை படியாத கை, மெல்லத் தட்டிக்கொடுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பூங்கொடி அந்தக் கையையே பார்க்கிறாள். "ஏட்டி, ஒன் வீட்டுக்காரரு அழுவுதாரு பாரு. கல்லும் கசியுதுட்டி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி சிரிக்கிறாள். "அழட்டும்மா, நல்லது" என்கிறார் டீச்சர். "அழட்டும். பெத்தவ இங்கன இருக்கேன், நீங்க கைய எடுங்க" என்கிறாள் பூங்கொடி.